வீட்டு வாசலும் சட்டத்தின் எல்லையும்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் ஹவ்ழுக்கு அருகே நின்றிருந்தபோது, மும்பையில் தொழில் செய்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சகோதரர் ஒருவர் ஸலாம் கூறிவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்குள் நான் என்ன சமைக்கிறேன், என்ன உண்கிறேன் என்பதைக் குற்றம் என்று சொல்லச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? நம் நாட்டு அரசியல் சாசனம் அதற்கு இடம் தருகிறதா?"

நான் வாய் திறக்கும் முன்பே, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அரசாங்கம் நினைத்தால் எதையும் செய்யும் தம்பி" என்று பெருமூச்சு விட்டார். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவரோ, "அந்தரங்க உரிமைத் தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி வீட்டுக்குள் நடப்பதை எவரும் கேட்க முடியாது" என்றார். இருவர் கூற்றும் சரியல்ல. அந்தச் சகோதரருக்கு அன்று நின்றவாறே சொன்ன பதில் எனக்கே போதவில்லை. ஆகவே அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். நம் ஒவ்வொரு குடும்பத்தின் அடுக்களையோடும் திருமணத்தோடும் தொடர்புடைய விஷயம் இது.

முதலில் சாசனம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் கொடுத்திருக்கிறது. குற்றவியல் சட்டம் ஏழாவது அட்டவணையின் பொதுப் பட்டியலில் முதல் இனமாக இடம்பெற்றுள்ளது. தெருவில் செய்வதைத்தான் குற்றமாக்கலாம், வீட்டில் செய்வதை ஆக்கக்கூடாது என்று அங்கே கோடு எதுவும் கிழிக்கப்படவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் 13ஆவது பிரிவு நிற்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் எதுவாயினும், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்கிறது. ஆக, சட்டமியற்றுவோருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்துக்கு வேலியும் உண்டு. வேலி எங்கே போடப்பட்டுள்ளது என்பதே நம் கேள்வி.

அந்தரங்கம் என்ற சொல் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் எங்கும் தனியுரிமையாக எழுதப்படவில்லை. சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று கூறும் 21ஆவது பிரிவுக்குள்ளிருந்துதான் நீதிமன்றங்கள் அதைக் கண்டெடுத்தன. அதற்குப் பிடித்த காலம் அறுபத்தேழு ஆண்டுகள்.

அந்த நீண்ட பயணத்தில் ஒரு மனிதரின் கதையை மட்டும் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் மீது 1941இல் கொள்ளை வழக்கு ஒன்று தொடரப்பட்டது. சாட்சியம் இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். ஆனால் காவல்துறை அவரை விடவில்லை. அவர் பெயரில் ஒரு வரலாற்றுத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கண்காணித்தது. கிராமக் காவலாளியும் சில வேளைகளில் காவலர்களும் நடுஇரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், உறக்கத்திலிருந்து எழுப்புவார்கள், ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாத ஒரு மனிதரின் இரவுகள் இவ்வாறு கழிந்தன. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இரவில் வீடு புகும் அந்த விதி செல்லாது என்பதில் ஆறு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்னும் பழைய பொதுச்சட்டக் கோட்பாட்டைப் பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வியப்பு என்னவெனில், அதே தீர்ப்பு, அந்தரங்கம் என்பது நம் சாசனம் உறுதியளித்த உரிமை அன்று எனவும் எழுதியது! கோட்டை உண்டு, கோட்டைக்குள் இருப்பதற்குப் பெயர் இல்லை என்பது போன்ற நிலை. நீதிபதி சுப்பா ராவும் நீதிபதி ஷாவும் மட்டும், சுதந்திரம் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தரங்கம் அடங்கும் என்று தனியே எழுதி வைத்தார்கள். அந்தச் சிறுபான்மைக் கருத்து அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

ஆதார் அட்டை தொடர்பான வழக்கில், குடிமக்களுக்கு அந்தரங்கம் என்றொரு அடிப்படை உரிமையே கிடையாது என்று மத்திய அரசு 2015இல் வாதிட்டது. அந்த வாதமே வினையாக முடிந்தது எனலாம். கேள்வி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குச் சென்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது பேரும் ஒருமனதாக, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என்றனர். என்ன உண்பது, எப்படி உடுத்துவது என்று அரசு கட்டளையிடுவதை எவரும் விரும்பமாட்டார்கள் என்னும் பொருள்பட நீதிபதி செலமேஸ்வர் தமது தீர்ப்பில் எழுதினார்.

கல்லூரி இளைஞர் இத்தோடு நிறுத்திக்கொண்டார். தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. அந்தரங்கம் எல்லையற்ற உரிமை அன்று என்றும், அரசு அதில் தலையிடலாம் என்றும், ஆனால் தலையிட விரும்பினால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்றும் அது கூறியது. தலையீட்டுக்கு ஆதாரமாக ஒரு சட்டம் இருக்க வேண்டும். அதிகாரியின் விருப்பம் போதாது. அந்தச் சட்டத்துக்கு அரசு நாடத் தகுந்த ஒரு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்கும் அதற்காகக் கையாளும் வழிக்கும் இடையே அளவுப் பொருத்தம் இருக்க வேண்டும். கொசுவை அடிக்கப் பீரங்கியைத் தூக்கக் கூடாது. இந்த மூன்றையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசின் தலையில் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் நிற்கும் சட்டத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

இனி மும்பைச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் பசுவை அறுப்பதற்கு 1976ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முன்பிருந்தே தடை உண்டு. 1995இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் ஒன்று இருபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2015 மார்ச் மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அத்திருத்தம் காளைகளுக்கும் எருதுகளுக்கும் தடையை விரித்தது. அத்தோடு 5டி என்றொரு பிரிவையும் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அறுக்கப்பட்ட மாட்டின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம் என்பது அப்பிரிவு. ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய்வரை அபராதம். கேரளத்தில் அங்குள்ள விதிகளின்படி அறுக்கப்பட்டு, விலை கொடுத்து வாங்கப்பட்ட இறைச்சி, மும்பையில் ஒருவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தாலே அவர் குற்றவாளி! போதாக்குறைக்கு 9பி என்ற பிரிவு, தான் சட்டத்தை மீறவில்லை என்று காட்டும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே ஏற்றியது. எருமை இறைச்சிக்குத் தடை இல்லை. எனவே குழம்புச் சட்டியில் கிடப்பது எருமையா எருதா, எருதாயின் எங்கே அறுக்கப்பட்டது என்பதையெல்லாம் வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும் என்றாயிற்று.

2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓக்கா, குப்தே ஆகியோர் இதில் தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பு இரு கூறாகப் பிரிகிறது. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். அறுப்பதற்கான தடை செல்லும் என்றனர். இதில் வியப்பதற்கில்லை. 1958இல் குறைஷி வழக்கில், பசுவை அறுக்கத் தடை செல்லும், ஆனால் உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது போன காளை, எருதுகளை முற்றாகத் தடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் மட்டும் மாறுபட, அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. அறுப்பது வெளியே நடக்கும் தொழில். அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில் 48ஆவது பிரிவும் அதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் 5டி பிரிவைப் பம்பாய் நீதிபதிகள் செல்லாதென அறிவித்தனர். வேறு மாநிலத்தில் முறைப்படி அறுக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை ஒருவர் தம் வீட்டில் வைத்து உண்பதைத் தடுப்பதால், மகாராஷ்டிரத்தின் ஒரு மாடாவது காப்பாற்றப்படுகிறதா? இல்லை. அப்படியானால் அந்தத் தடைக்கு என்ன பொதுநலன் இருக்கிறது என்பதே கேள்வி. உடல்நலத்துக்குக் கேடில்லாத உணவைத் தேர்ந்து உண்பதில் குடிமகனைத் தனியே விட்டுவிட வேண்டும் என்றது தீர்ப்பு. சுமையைத் திருப்பிப் போட்ட 9பி பிரிவும் வீழ்ந்தது. மாநிலத்துக்குள் சட்டவிரோதமாக அறுக்கப்பட்ட இறைச்சியை வைத்திருப்பது பற்றிய பிரிவு மட்டும் நின்றது. அதிலும், அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று பொருள் குறுக்கப்பட்டது. வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் சென்றது.

இத்தீர்ப்பு புட்டசாமி தீர்ப்புக்கு ஓராண்டு முந்தியது என்பதைக் கவனியுங்கள். அதற்கும் எட்டு மாதங்களுக்கு முன்புதான், 2015 செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தின் தாத்ரிக்கு அருகே, ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டிக்குள் என்ன இறைச்சி இருக்கிறது என்ற வதந்தியால் ஒரு குடும்பத் தலைவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அடுக்களையில் இருப்பதைச் சட்டம் குற்றமாக்கும்போது, அந்த அடுக்களையைச் சோதிக்கக் காவலர் மட்டும்தான் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதுவரை எழுதியதை நம்மில் எவரும் மனநிறைவோடு படிப்பார். இனி எழுதப்போவது அப்படிப்பட்டதன்று. ஒரே சாவி வேறு கதவுகளையும் திறக்கும்.

மதுவிலக்கை எடுத்துக்கொள்வோம். மது ஹராம் என்பதில் முஸ்லிம்களுக்கு ஐயமில்லை. எந்த மாநிலம் மதுவிலக்கைக் கொண்டு வந்தாலும் நாம் மகிழ்கிறோம். சாசனத்தின் 47ஆவது பிரிவே மதுவிலக்கை அரசின் குறிக்கோளாகச் சொல்கிறது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை 1951இல் பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றது. அச்சட்டமே இன்றும் குஜராத்தில் வழங்குகிறது. தம் வீட்டுக்குள் குடிப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று அங்கே சிலர் வழக்குத் தொடுத்தனர். அதை விசாரணைக்கு ஏற்கத் தடையில்லை என்று 2021 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் கூறியது. அந்த மனுதாரர்கள் கேட்பது, மும்பை மனுதாரர்கள் கேட்ட அதே கேள்விதான்.

பீகாரில் இதன் கூர்மை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் இயற்றப்பட்ட வடிவில், ஒரு வீட்டில் மது கிடைத்தால் அவ்வீட்டில் குடியிருக்கும் வயது வந்தோர் அனைவரும் அதை அறிந்திருந்ததாகவே அனுமானிக்கும் விதியைக் கொண்டிருந்தது. வழி தவறிய மகன் பரணில் ஒளித்து வைத்த ஒரு புட்டிக்காக, வாழ்நாளில் அதன் வாடையையும் அறியாத தாய் நீதிமன்றத்தில் நின்று தன்னை நிரபராதி என்று காட்ட வேண்டும். 2018இல் சட்டம் தளர்த்தப்பட்டது. முதன்முறை குடித்துப் பிடிபடுவோரை அபராதத்தோடு விடுவிக்கவும் 2022இல் வழி செய்யப்பட்டது. மது ஒழிய வேண்டும் என்ற நம் ஆவல் நியாயமானது. ஆயினும் 9பி பிரிவை அநீதி என்று சொல்லிவிட்டு, பீகாரின் அந்த அனுமானத்தை நல்ல சட்டம் என்று நாம் எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் நம் முன்னோரிடம் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டிலிருந்து பாட்டொலி கேட்டு, சுவரேறி உள்ளே இறங்கியதாகவும், அங்கே ஒருவர் மதுவோடு இருக்கக் கண்டதாகவும் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இதை எடுத்தெழுதியுள்ளார்கள். பிடிபட்டவர் அஞ்சி நடுங்கவில்லை. நான் செய்த பாவம் ஒன்று. அமீருல் மூமினீன் அவர்களே, தாங்கள் செய்தவை மூன்று என்றார். துருவித் துருவி ஆராயாதீர் என அல்லாஹ் தடுத்திருக்க, ஆராய்ந்தீர்கள். வாசல் வழியாக வாருங்கள் என்றிருக்க, சுவரேறி வந்தீர்கள். அனுமதி பெற்று ஸலாம் கூறி நுழையச் சொல்லியிருக்க, இரண்டுமின்றி நுழைந்தீர்கள் என்றார். உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மது ஹலாலாகிவிட்டது என்று எவரும் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. தீமையைத் தடுக்கும் பொறுப்புடைய அதிகாரி, துப்புத் துலக்காமலேயே வெளிப்படையாகத் தெரியும் தீமையைத்தான் தடுக்க வேண்டும் என்பது கஸ்ஸாலி இமாம் அவர்கள் வகுத்த நிபந்தனை. விபசாரக் குற்றச்சாட்டுக்கு நான்கு சாட்சிகளைக் கேட்பதும், சாட்சியின்றிப் பழி சுமத்துபவருக்கே தண்டனை விதிப்பதும் சூரா அந்நூர் சொல்லும் சட்டம் என்பதை அறிவீர்கள்.

பாவம் வேறு, அரசு தண்டிக்கும் குற்றம் வேறு. பாவத்துக்கு விசாரணை மறுமையில். தவ்பாவின் வாசல் இங்கே திறந்திருக்கிறது. குற்றத்துக்கு விசாரணை காவல் நிலையத்தில். முதலாவதை இரண்டாவதாக மாற்றும்போது, மாற்றுகிறவர் கையில் ஒரு தடி கொடுக்கப்படுகிறது. அந்தத் தடி யார் கையில் இருக்கும் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும்.

வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் ஈடுபடும் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. அதே மாதம் 27 அன்று பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆவது பிரிவையும் நீக்கியது. அது மணவிலக்குக்குக் காரணமாகலாம், சிறைக்குக் காரணமாகாது என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்விரு பிரிவுகளும் இடம்பெறவில்லை. முதல் வழக்கின் முந்திய கட்டத்தில், 2009ஆம் ஆண்டின் தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சென்றவர்களில் முஸ்லிம் அமைப்பும் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. இவற்றைப் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடு எந்தத் தீர்ப்பாலும் மாறுவதில்லை. அதை மிம்பரில் நின்று சொல்வதையும் எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. ஆனால் இவ்விரு தீர்ப்புகளும் சாய்ந்து நிற்பது, நம் அடுக்களைக்கு அரணாக நிற்கும் அதே 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மீதுதான். பெரும்பான்மையினருக்கு அருவருப்பாக இருக்கிறது என்ற ஒன்றே ஒரு செயலைக் குற்றமாக்கப் போதுமான காரணம் என்று நாம் இங்கே வாதிட்டால், மகாராஷ்டிரத்தின் 5டி பிரிவுக்கு அதைவிடச் சிறந்த வக்கீல் வேறெவரும் வேண்டியதில்லை. இது சில சகோதரர்களுக்குக் கசக்கலாம். நானும் இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவது நேர்மையாகாது.

நம்பிக்கையும் இந்த வேலிக்குள் வருகிறது. மதம் மாறுவோர் மாவட்ட அதிகாரிக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும், தவறினால் தண்டனை என்று இமாச்சலப் பிரதேசத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஒருவர் தம் நம்பிக்கையைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்று சொல்லி அம்மாநில உயர் நீதிமன்றம் 2012இல் அப்பிரிவை நீக்கியது. உத்தரப் பிரதேசம் 2020இல் அவசரச் சட்டமாகவும் 2021இல் சட்டமாகவும் கொண்டு வந்ததில் அறுபது நாள் முன்னறிவிப்பு மீண்டும் வந்து அமர்ந்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004இல் அது திரும்பப் பெறப்பட்டதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கேரளத்தில் இஸ்லாத்தைத் தழுவிய ஓர் இளம்பெண்ணின் நிக்காஹை உயர் நீதிமன்றமே 2017இல் செல்லாது என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண் யாரை மணப்பது என்பது அவருடைய முடிவு என்று கூறி அந்த மணத்தை மீட்டுக் கொடுத்தது.

அப்படியானால் வீட்டுக்குள் நடப்பது எல்லாமே அந்தரங்கமா? இல்லை. அந்தரங்கம் நான்கு சுவருக்குக் கொடுக்கப்பட்ட உரிமை அன்று. அதனுள் வாழும் ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனியே கொடுக்கப்பட்டது. மனைவிக்கும் அது உண்டு, மகளுக்கும் உண்டு, மருமகளுக்கும் உண்டு. மனைவியை அடிப்பவன், வரதட்சணை கேட்டு வாட்டுபவன், பிள்ளையை வதைப்பவன் ஆகியோர் "இது எங்கள் வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்ள இயலாது. பெண்கள் மீதான கொடுமையை மறைக்கும் திரையாக அந்தரங்கம் பயன்படக் கூடாது என்பதைப் புட்டசாமி தீர்ப்பே எச்சரித்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாச் சமயப் பெண்களுக்கும் பொதுவானது. நம் சகோதரிகள் அதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த இடத்தில்தான் முத்தலாக் சட்டம் வருகிறது. ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் செல்லாதென்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதைச் செல்லாது என்று மீண்டும் கூறியதோடு நில்லாமல், அவ்வாறு சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டுவரை சிறையும் அபராதமும் விதித்தது. மனைவியின் அல்லது அவருடைய உறவினரின் புகாரின் பேரில் காவலர் கைது செய்யலாம். மனைவியின் தரப்பைக் கேட்ட பிறகே நீதிபதி பிணை வழங்க இயலும். இதை எதிர்த்து ஜம்இய்யத்துல் உலமா முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன.

எதிர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி வலுவானது. சொல்லியும் திருமணம் முறியவில்லை என்றால் தண்டிக்கப்படுவது எது, விளைவே இல்லாத ஒரு சொல்லா? கணவன் சிறையில் இருக்கையில், அதே சட்டம் அவன் மீது விதிக்கும் பிழைப்பூதியத்தை அவன் எங்கிருந்து கொடுப்பான்? மனைவியைக் கைவிட்டுப் போகும் பிற சமயத்துக் கணவனுக்கு அந்த ஒரு செயலுக்காகச் சிறை இல்லையே, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14ஆவது பிரிவு என்னாயிற்று? அளவுப் பொருத்தம் என்ற சோதனையில் இச்சட்டம் தேறாது என்பதே என் கருத்தும்.

ஆனால் இதை எதிர்க்க, "இது எங்கள் வீட்டு விஷயம்" என்ற வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் சொல் காகிதத்தில் செல்லாததாக இருக்கலாம். நள்ளிரவில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அது விளைவற்ற சொல் அன்று. தபாலிலும் தொலைபேசியிலும் வந்த தலாக்குகளை ஜமாஅத் புத்தகங்களில் ஒன்றும் சொல்லாமல் பதிந்துகொண்ட ஊர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கும் இடத்தில் அரசு தலையிடலாமா என்பது கேள்வியே அன்று. மஹரும் ஜீவனாம்சமும் குடியிருக்க இடமும் வாங்கிக் கொடுத்துத் தலையிடுவதா, விலங்கு மாட்டித் தலையிடுவதா என்பதுதான் கேள்வி.

மும்பைச் சகோதரர் விடைபெறும் முன் இன்னொன்றும் கேட்டார். "சட்டம் செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் சொல்ல ஆண்டுகள் ஆகும். நாளைக் காலையில் கதவைத் தட்டினால் என்ன செய்வது?" அதற்கான விதிகள் நம் நடைமுறைச் சட்டத்தில் இருக்கின்றன. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103ஆவது பிரிவின்படி, வீட்டைச் சோதனையிட வரும் அதிகாரி அக்கம்பக்கத்தைச் சேர்ந்த நடுநிலையான இருவரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும். பெண்ணைச் சோதிப்பதாயின் பெண்ணே, கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும். ஒருவரைக் கைது செய்ய வீட்டுக்குள் நுழையும்போது, வழக்கப்படி வெளியார் முன் வராத பெண்கள் இருக்கும் அறையாயின், அவர்கள் விலகிச் செல்ல முதலில் அறிவிப்பும் அவகாசமும் கொடுக்க வேண்டும். இது 44ஆவது பிரிவு. சோதனை முழுவதும் ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 105ஆவது பிரிவு புதிதாகக் கொண்டு வந்த கட்டாயம். வீட்டுக்காரர் அல்லது அவர் சார்பில் ஒருவர் சோதனையின்போது உடனிருக்கலாம். கைப்பற்றிய பொருள்களையும் அவை கிடைத்த இடங்களையும் குறித்துப் பட்டியல் எழுதி, அதில் சாட்சிகளின் கையொப்பம் பெற்று, அதன் படி ஒன்றை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் படியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.